வாடகை வீடு, நான்கு பேர், ஓர் உதவியாளர்

மாற்றுத்திறனாளி மகனுக்கோ மகளுக்கோ 'ஒரு ஏற்பாடு' செய்துவிட வேண்டும் என்று அலைகிற புதுச்சேரிப் பெற்றோர் முதலில் விசாரிப்பது இல்லங்களைத்தான். எந்த இல்லத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள், மாதம் எவ்வளவு கட்ட வேண்டும், எந்த வயது வரை வைத்துக்கொள்வார்கள்? அப்பாவுக்கு எழுபது நெருங்கியிருக்கும். அம்மாவால் மாடிப்படி ஏற முடிந்திருக்காது. "எங்க காலத்துக்கு அப்புறம் இவனை யாரு பாத்துக்குவா?" என்ற கேள்விதான் அவர்களை விரட்டுகிறது. கேள்வி நியாயமானது. அதற்கு இல்லம் ஒன்றே பதில் என்று முடிவு கட்டுவதுதான் அவசரம்.

இந்த அத்தியாயம் வேறொரு வழியைச் சொல்கிறது. சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீடு, அதில் மூன்று நான்கு பேர், தேவையைப் பொறுத்து வந்துபோகிற அல்லது உடன் தங்குகிற உதவியாளர். இதில் ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: வீடு ஒருவர் பொறுப்பிலும் உதவி வேறொருவர் பொறுப்பிலும் இருக்க வேண்டும். இல்லத்தில் படுக்கை, சாப்பாடு, ஆயா, மருந்து எல்லாமே ஒரே நிர்வாகத்தின் கையில் இருக்கும். ஆயா அடித்தார் என்று புகார் சொன்னால் படுக்கையே பறிபோகலாம் என்ற பயத்தில் குடும்பங்கள் வாயை மூடிக்கொள்கின்றன. வீடு உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால் உதவியாளரை மாற்றலாம், வீடு அப்படியே இருக்கும்.

நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது

சென்னையில் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993இல் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பு, மனநோயோடு தெருவில் திரிந்த பெண்களை அழைத்துவந்து 'அடைக்கலம்' என்ற மையத்தில் சிகிச்சை கொடுத்தது. பலர் தேறினார்கள், குடும்பம் கிடைத்தவர்கள் ஊர் திரும்பினார்கள். போக இடமில்லாதவர்கள், நோய் தணிந்த பிறகும், ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். அவர்களுக்காக 2015இல் வந்ததுதான் 'ஹோம் அகெய்ன்'. ஊருக்குள் வாடகைக்கு வீடு எடுத்து, நான்கைந்து பேரைச் சேர்ந்து வாழவிட்டு, அந்தப் பகுதிப் பெண்களையே உதவியாளர்களாக அமர்த்தினார்கள். யார் யாரோடு தங்குவது என்பதை அந்தப் பெண்களே பேசித் தீர்மானித்தார்கள். சமையல், ரேஷன், கோயில், டிவி, சண்டை, சமாதானம் என்று எல்லாமே மற்ற வீடுகளைப் போலத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் சமூக மனநலச் சேவைகள் குறித்து வெளியிட்ட வழிகாட்டியில் ஆதரவோடு கூடிய குடியிருப்புக்குக் காட்டிய சில உதாரணங்களில் இது ஒன்று. அதே வழிகாட்டியில் உள்ள பிரிட்டனின் 'கீரிங்' முறையும் நமக்கு உதவும். அதில் ஒரே வீட்டில் கூடி இருப்பதில்லை. நடந்து போகிற தூரத்துக்குள் சுமார் பத்துப் பேர் தனித்தனி வீடுகளில் இருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு தன்னார்வலர் குடியிருந்து கரன்ட் பில் கட்டுவதில் இருந்து பக்கத்து வீட்டுத் தகராறு வரை கைகொடுப்பார். சைக்கிளிலேயே சுற்றிவந்துவிடக்கூடிய புதுச்சேரி நகரத்துக்கு, ஓரளவு தாமாகவே சமாளிக்கத் தெரிந்தவர்களுக்கு, இது இன்னும் பொருத்தம் என்பது என் எண்ணம்.

சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தூரம் வரும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 5ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளி சமூகத்துக்குள் வாழும் உரிமை உள்ளவர் என்கிறது. குறிப்பிட்ட ஒரு இடத்தில்தான் இருந்தாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 19ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது: வீடு இல்லை, குடும்பம் ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மனநல மையத்தில் வைத்திருக்கக் கூடாது. ஜிப்மரிலோ வேறு மருத்துவமனையிலோ "கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லும்போது எங்கே கூட்டிப்போவது என்று திகைக்கும் குடும்பங்கள் இந்த இரண்டு பிரிவுகளையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அரசிடம் கேட்கும்போது இவை கை கொடுக்கும். தனியார் வீட்டுக்காரரிடம் சட்டப் பிரிவைச் சொல்லி வீடு வாங்கியவர்கள் அபூர்வம். அங்கே வேலை செய்வது அறிமுகம்தான்.

எந்தப் பகுதியில் தேடுவது

பழைய தமிழர் பகுதி வீடுகள் பார்க்க அழகு. தாழ்வாரமும் திண்ணையும் முற்றமும் உள்ள அந்த வீடுகளில் சக்கர நாற்காலி நுழைவது பெரும்பாடு. கணக்குப் போட்டுப் பாருங்கள். சாய்தளத்துக்கு 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். தெருவில் இருந்து வீட்டுத் தளம் 2 அடி உயரம் என்றால் 24 அடி நீளம். தெருப் பக்கம் வாய்க்கால், அதைத் தாண்டினால் நிறுத்திவைத்த பைக்குகள். எங்கே போடுவது? உதவியாளர் தள்ளிவிடுவார் என்று நம்பி 6 அடியில் ஒரு செங்குத்துச் சரிவைப் பூசி வைக்கிறார்கள். முதல் மழையில் அது சறுக்குமரம். பழைய வீடு கிடைத்தாலும் முன்வாசலை விட்டுவிட்டுப் பின்கட்டு வழியையோ பக்கச் சந்தையோ பாருங்கள். கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதியை நினைத்தே பார்க்க வேண்டாம். சுற்றுலாப் பயணிக்கு நாள் வாடகைக்கு விட முடிகிற வீட்டை மாத வாடகைக்குத் தர யாருக்கும் மனசு வராது.

ஆகவே தேடல் லாஸ்பேட்டை, முத்தியால்பேட்டை, முதலியார்பேட்டை, நெல்லித்தோப்பு, தட்டாஞ்சாவடி என்று வெளியே நகரும். கீழே கார் நிறுத்தும் தளமும் மேலே வீடுகளும் உள்ள சிறிய அடுக்குமாடிகள் இங்கே நிறைய. லிஃப்ட் இருந்தால் வாசல் படி ஒன்று இரண்டோடு முடிந்துவிடும். லிஃப்டுக்கு மாற்று மின்சாரம் உண்டா என்று கேளுங்கள். "ஜெனரேட்டர் இருக்கு" என்ற பதிலோடு நிறுத்தாமல், அது லிஃப்டுக்கும் சேர்த்தா, மோட்டாருக்கு மட்டுமா என்றும் கேளுங்கள்.

அடுத்தது வெள்ளம். சக்கர நாற்காலிக்குத் தரைத்தளம் வசதி. புதுச்சேரியில் முதலில் மூழ்குவதும் தரைத்தளம்தான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. நடக்க முடிந்தவர்கள் மாடிக்கு ஏறினார்கள், மற்றவர்களைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வீடு பார்க்கும்போது புரோக்கரை நம்பாதீர்கள். எதிர்வீட்டு அம்மாவிடம், "அக்கா, ஃபெஞ்சல் அப்ப இங்க எதுவரைக்கும் தண்ணி வந்துச்சு?" என்று கேளுங்கள். கையைக் காட்டிச் சொல்வார். மதில் சுவரிலும் மீட்டர் பெட்டியிலும் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பாருங்கள். தளம் உயரமான வீடும் சாய்தளத்துக்கு இடம் தரும் நீளமான கார் ஷெட்டும் சேர்ந்து அமைந்தால், வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் அதையே எடுங்கள்.

இன்னொன்று புதுச்சேரிக்கே உரிய சிக்கல். முத்தியால்பேட்டையைத் தாண்டி வடக்கே போனால் கோட்டக்குப்பம் வந்துவிடும். அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். அங்கே வாடகை குறைவாக அமைந்தால் பலர் பெயர்ந்துவிடுகிறார்கள். ஆதாரிலும் ரேஷன் அட்டையிலும் முகவரி மாறினால் புதுச்சேரி அரசின் மாதாந்திர உதவித்தொகையும் மற்ற சலுகைகளும் கேள்விக்குறியாகும். தமிழ்நாட்டில் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். நகரத்தைச் சுற்றி இரு மாநில எல்லைகளும் பின்னிக் கிடப்பதால் சில இடங்களில் தெருவின் இந்தப் பக்கம் ஓர் அரசு, அந்தப் பக்கம் இன்னொன்று. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டு வரி ரசீதை வாங்கிப் பாருங்கள். புதுச்சேரி நகராட்சியா, உழவர்கரை நகராட்சியா, எந்தக் கொம்யூன் பஞ்சாயத்து என்பது அதில் இருக்கும்.

வீட்டுக்காரரிடம் பேசுவது

மறைத்து வீடு எடுக்காதீர்கள். குடியேறிய பிறகு தெரிந்தால் இரண்டாம் மாதமே காலி செய்யச் சொல்வார்கள். வீட்டுக்காரரின் பயங்கள் அதிகம் இல்லை. "ராத்திரில சத்தம் போடுவாங்களா?" "செவத்துல ஓட்டை போடுவீங்களா?" "நாளைக்கு ஒண்ணு ஆயிட்டா போலீஸ் எங்கிட்டதானே வரும்?" மூன்றுக்கும் பதில் கையில் இருக்க வேண்டும். முதல் கேள்விக்கு, வீட்டில் குடியேறப்போகிறவர்களை நேரில் கூட்டிப்போங்கள். காபி கொடுத்து ஐந்து நிமிடம் பேசினால் பாதி பயம் போய்விடும். இரண்டாவதுக்கு, கைப்பிடி, சாய்தளம் எங்கெங்கே வரும் என்று எழுதி, காலி செய்யும்போது பழையபடி ஆக்கித் தருகிறோம் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். மூன்றாவதுக்கு, பொறுப்பாளர் இருவரின் பெயரும் எண்ணும் கொடுங்கள். அந்த எண்கள் இரவு பதினொரு மணிக்கும் எடுக்கப்பட வேண்டும்.

ஒப்பந்தம் யார் பெயரில்? ஒரு தகப்பனார் பெயரில் போட்டால் அவர் காலத்தோடு வீடும் போய்விடும். நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு செய்துகொண்டு அதன் பெயரில் எடுப்பது நல்லது. குடியிருப்பவர்கள் பெயர்களையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். கையெழுத்துப் போட முடிந்தவர் கட்டாயம் போடட்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள 18 வயது கடந்தவர்களுக்குத் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999இன் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வக் காப்பாளர் நியமனம் கேட்கலாம். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது.

ஓர் எச்சரிக்கை. நான்கு நண்பர்கள் சேர்ந்து வாடகைக்கு இருப்பது வேறு, ஓர் அமைப்பு ஆட்களைச் சேர்த்துப் பராமரிப்பது வேறு. இரண்டாவதற்கு 2016 சட்டத்தின் கீழ் பதிவு தேவை. உங்கள் ஏற்பாடு எதில் வரும் என்று சமூக நலத்துறையிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

வீட்டுக்குள்

முதலில் கழிவறை. மற்றதெல்லாம் பிறகு. நம் வீடுகளில் இருப்பதிலேயே குறுகலான கதவு அதுதான். நிலை 2½ அடி என்பார்கள். சட்டமும் கதவின் தடிமனும் போகச் சக்கர நாற்காலி உரசிக்கொண்டுதான் நுழையும். டேப் வைத்து, கதவைத் திறந்துவைத்து, உள்ளே எத்தனை அங்குலம் தெளிவாகக் கிடைக்கிறது என்று அளந்து பாருங்கள். 36 அங்குலம் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால் நிலையைப் பெயர்க்க வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று அப்போதே கேளுங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்து கிடக்கும்போது உள்பக்கம் திறக்கிற கதவை அவர் உடம்பே தடுத்துவிடும். வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்கக் கட்டிய சிறிய திட்டை உடைத்து, தரைச் சரிவைச் சரிசெய்ய ஒரு கொத்தனாருக்கு ஒரு நாள் வேலைதான்.

கைப்பிடியை டைல்ஸுக்கு மேல் பிளாஸ்டிக் பிளக் அடித்து மாட்டுவார்கள். துண்டு காயப்போட அது போதும். ஓர் ஆளின் பாரத்துக்குச் செங்கல் சுவர் வரை போகிற ஆங்கர் போல்ட் வேண்டும். மாட்டிய ஆளையே தொங்கிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினார் என்றால் வேலை சரியில்லை. இந்தியன் கிளாசெட்டை மாற்ற முடியாவிட்டால் மேலே வைக்கும் கம்மோடு நாற்காலி மருந்துக் கடைகளிலேயே கிடைக்கும். கால்களுக்கு ரப்பர் இருக்கட்டும்.

மற்ற மாற்றங்கள் ஆளைப் பொறுத்தவை. காது கேளாதவர் வீட்டில் காலிங் பெல்லோடு விளக்கும் எரிய வேண்டும். பார்வையற்றவர் இருந்தால் நாற்காலி, குடம், செருப்பு எல்லாவற்றுக்கும் நிரந்தர இடம் வேண்டும். விருந்தாளி வந்து நகர்த்தி வைத்துவிட்டுப் போவதுதான் அவர்களுக்குத் தினசரித் தொல்லை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சமைக்கப் பழகும்போது கேஸ் அடுப்பைவிடத் தானாக அணைகிற இண்டக்‌ஷன் அடுப்பு நல்லது.

மனநலப் பிரச்சினை உள்ளவர்களுக்குத் தனி அறையும் கதவுக்குத் தாழ்ப்பாளும் மரியாதை சார்ந்த விஷயம். அந்தத் தாழ்ப்பாள் அவசரத்தில் வெளியிலிருந்து திறக்கக்கூடியதாக இருக்கட்டும். வெளிப்பக்கம் பூட்டுப் போடுவதை மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் அனுமதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். வாசல் சாவி குடியிருப்பவரிடம் ஒன்று, உதவியாளரிடம் ஒன்று.

உதவியாளரும் காசும்

உதவியாளருக்கு நர்சிங் படிப்பு தேவையில்லை. பொறுமை வேண்டும், அதைவிடவும் தானே எல்லாவற்றையும் செய்துவிடாத குணம் வேண்டும். "நீ உக்காரு கண்ணு, நான் செய்யறேன்" என்று சொல்கிறவர் அன்பானவர். ஆறே மாதத்தில் அவர் ஒருவரைச் சோம்பேறியாக்கிவிடுவார். அதே தெருவிலோ அடுத்த தெருவிலோ இருக்கிற ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் வீடே அந்தத் தெருவுக்கு அறிமுகமாகிவிடும். வாராந்திர விடுமுறையும் மாற்று ஆளும் முதல் நாளிலேயே பேசி முடியுங்கள். விடுமுறை இல்லாத உதவியாளர் நிலைக்க மாட்டார்.

கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: வாடகை 14,000, உதவியாளர் இருவருக்கு 30,000, சாப்பாட்டுக்கு 16,000, கரன்ட், கேஸ், மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்து 6,000. மொத்தம் 66,000. நான்கு பேர் பங்கிட்டால் ஆளுக்கு 16,500. அரசு உதவித்தொகை இதில் ஒரு மூலையைத்தான் நிரப்பும். ஓய்வூதியம் வாங்குகிற குடும்பம் சமாளிக்கலாம், கூலிக் குடும்பத்தால் முடியாது. பெரிய செலவு வாடகை இல்லை, உதவியாளர் சம்பளம் என்பதைக் கவனியுங்கள். 'ஹோம் அகெய்ன்' வீடுகளில் அந்தச் சுமையை அமைப்பு ஏற்றது. இங்கே அதை அரசு ஏற்க வேண்டும். 2016 சட்டத்தின் 38ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுகிறவர்கள் அதைக் கேட்டு விண்ணப்பிக்க வழி வைத்திருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் மாற்றுத்திறனாளிக்கான சமூக உதவி குறித்துத் தூதரகத்திலும் கேட்டுப் பார்க்கலாம்.

அரசு வீடு கேட்பது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் சுமார் 30 ஆயிரம் மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். எல்லோருக்கும் தனியார் வாடகை வீடு விடையாகாது. சொந்த மனை இருந்து, ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, நாட்டில் வேறெங்கும் நல்ல வீடு இல்லாவிட்டால், 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் 2.0இல் சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம். புதுச்சேரிக்கு மத்திய அரசின் பங்கு வீட்டுக்கு 2.25 லட்சம். கட்டும்போதே கழிவறைக் கதவைப் பெரிதாக வைத்தால் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு உடைத்தால் இரட்டிப்பு.

மனை இல்லாதவர்களுக்குக் குடிசை மாற்று வாரியத்தின் அடுக்குமாடிகள் இருக்கின்றன. குமரகுருபள்ளத்தில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் எழுந்ததைப் போல இனி வருபவை உயரமாகவே வரும். 2016 சட்டத்தின் 37ஆம் பிரிவுப்படி வீட்டு ஒதுக்கீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு, அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளதாகச் சான்று பெற்றவர்களுக்கு இது பொருந்தும். தரைத்தளம் அல்லது கீழ்த்தளங்களில் ஒதுக்க முன்னுரிமை தர வேண்டும் என்று பிரதமர் வீட்டுவசதித் திட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. நடைமுறையில் குலுக்கலில் மூன்றாவது மாடி விழுந்த பிறகுதான் குடும்பங்கள் ஓடுகின்றன. குலுக்கலுக்கு முன்பே மனு போக வேண்டும்.

2024 நவம்பர் 8 அன்று ரஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி விதிகளை வெறும் பரிந்துரையாக விட முடியாது, கட்டாய விதிகள் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. புதிய கட்டடத்துக்கு நகர அமைப்புக் குழுமத்தில் அனுமதி கேட்கும்போதும், அரசுக் குடியிருப்பின் வரைபடம் பொதுப்பார்வைக்கு வரும்போதும் இந்தத் தீர்ப்பின் பெயரைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

மனுவில் நான்கு வரி போதும். பெயர், அடையாள அட்டை எண், '37ஆம் பிரிவின்படி 5 சதவீத ஒதுக்கீட்டில் கீழ்த்தள வீடு வேண்டும்' என்ற கோரிக்கை, தேதி. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தோடு இன்னொரு விண்ணப்பம்: கடைசியாக ஒதுக்கிய குடியிருப்பில் மொத்த வீடுகள் எத்தனை, மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுத்தவை எத்தனை, எந்தத் தளத்தில்? பதில் திருப்தியாக இல்லையென்றால் இரண்டையும் இணைத்து மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு அனுப்புங்கள். எந்த அலுவலகமானாலும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் படி இறங்காதீர்கள்.